பூச்சிலும் பானையிலும் புகையிலும் உள்ள நஞ்சிலிருந்து மூளையைக் காப்பது எப்படி: டர்பன் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தெற்கு டர்பனில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு தாத்தாவுக்கு மறதி நோய் என்றோ, ஓர் ஆயாவுக்குக் கைநடுக்கம் என்றோ, ஒரு குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது என்றோ தெரியவந்தால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்குள் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: இத்தனை காலம் இந்தப் புகையைச் சுவாசித்ததால் வந்ததா? 1950களிலும் 60களிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்து, அவற்றை ஒட்டியே நம் மக்கள் குடியமர்த்தப்பட்ட மெரிபேங்கிலும், அதற்கு முன்பிருந்தே நம் மக்கள் வாழ்ந்துவந்த கிளேர்வுட்டிலும் இந்தக் கேள்வி மிக நியாயமானது. ஒரு தனி மனிதரின் நோயைச் சுட்டிக்காட்டி, இன்ன நஞ்சுதான் இதற்குக் காரணம் என்று மருத்துவரால் அறுதியிட்டுக் கூற முடிவது அரிது. ஆனால் எந்த நஞ்சு மூளையை என்ன செய்யும், அது எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது, அந்த வழியை எவ்வாறு அடைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடைகள் உண்டு. இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் பற்றியது.

2020 டிசம்பர் 4ஆம் தேதி எஞ்சன் ஆலையில் வெடிப்பு நேர்ந்தபின் அங்குச் சுத்திகரிப்பு நின்றது. 2022இல் சாப்ரெஃப் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. புகைபோக்கிகள் ஓய்ந்துவிட்டன, இனிக் கவலையில்லை என்று பலர் ஆறுதல் கொண்டார்கள். மூளையைப் பொறுத்தவரை அந்த ஆறுதல் பாதிதான் சரி. துறைமுகத்துக்குச் செல்லும் கனரக லாரிகள் கிளேர்வுட் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன. அதைவிட முக்கியமாக, மூளைக்கு மிகக் கொடிய நஞ்சுகளில் சில புகைபோக்கியிலிருந்து வருவதே இல்லை. அவை சன்னல் சட்டத்துப் பழைய பூச்சிலும், சமையல் பானையிலும், எலிமருந்துப் பொட்டலத்திலும் இருக்கின்றன. ஆலையை மூடுவது ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை. இவற்றை அகற்றுவது இன்றே, நம் கையாலேயே தொடங்கக்கூடிய வேலை.

முதலில் எது உறுதி, எது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பயமும் பணமும் தவறான இடத்தில் செலவாகாமல் இருக்க இது உதவும். காரீயம் குழந்தையின் அறிவுத்திறனைக் குறைக்கிறது என்பதும், மீனில் சேரும் மீதைல் பாதரசம் கருவிலுள்ள சிசுவின் மூளையைச் சிதைக்கிறது என்பதும், மாங்கனீசுப் புகையை நெடுங்காலம் சுவாசித்த தொழிலாளருக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வருகின்றன என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை. நுண்துகள் நிறைந்த காற்றுக்கும் முதுமை மறதி நோய்க்கும் உள்ள தொடர்பு வலுவானது. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2020இல் காற்று மாசை அந்நோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது, 2024 அறிக்கையிலும் அதைத் தக்கவைத்தது. சில களைக்கொல்லிகளுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பும் அவ்வாறே பல ஆய்வுகளில் தென்பட்டுள்ளது. ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றில் மாசின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. அவற்றில் மரபணுவின் பங்கு பெரிது. ஆகவே தம் குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதை எண்ணித் தாய்மார் தம்மைத்தாமே குற்றவாளியாக்கிக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை.

மூளை ஏன் இவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொண்டால் பின்வரும் அறிவுரைகளின் காரணம் விளங்கும். இரத்தத்தில் ஓடும் பல நச்சுப்பொருள்களைத் தடுத்து நிறுத்தும் ஒரு தடுப்பு மூளையின் நுண்குழாய்களில் உண்டு. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் அந்தத் தடுப்பு முழுமையடைந்திருப்பதில்லை. காரீயம் தன்னைக் கால்சியம் போலக் காட்டிக்கொண்டு அதைக் கடந்துவிடுகிறது. உள்ளே சென்றபின், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் கால்சியம் செய்யவேண்டிய வேலையைக் குலைக்கிறது. மிகச்சிறிய புகைத்துகள்களோ நுரையீரல் வழி இரத்தத்தில் கலப்பதோடு, மூக்கின் உச்சியிலுள்ள வாசனை நரம்பின் வழியாக நேரே மூளையை எட்டவும் வல்லவை. மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தவர்கள், எரிபொருள் எரியும்போது உண்டாகும் இரும்பு ஆக்சைடுத் துகள்களை அவற்றில் கண்டதாக 2016இல் வெளியிட்டார்கள்.

காரீயத்திலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் காரீயத்தைக் கவனியுங்கள். பெரியவர் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அறிவுத்திறன் இழப்பு மிகக் குறைந்த அளவுகளிலேயே செங்குத்தாகத் தொடங்குகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இழந்த திறனை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நின்றபின்னும் எலும்பு கரையும்போது மீண்டும் இரத்தத்துக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தில்தான் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பெருஞ்சாலை ஓரங்களில் வளர்ந்த தலைமுறையின் எலும்பிலும், அந்தச் சாலையோர மண்ணிலும் அதன் மிச்சம் இருக்கிறது.

முதலில் பூச்சு. மரமும் தகரமுமாகக் கட்டிய பழைய கிளேர்வுட் வீடுகளிலும், அறுபதுகளில் எழுந்த மாநகராட்சி வீடுகளிலும், சன்னல் சட்டம், கதவு நிலை, இரும்புக் கேட், ஊஞ்சல் ஆகியவற்றில் அடித்த பளபளப்பான எனாமல் பூச்சைச் சந்தேகத்துக்குரியதாகவே கொள்ளுங்கள். பூச்சில் காரீயத்துக்கு இந்நாட்டில் 2009இல்தான் சட்டப்படி 600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 600 பங்கு) என்ற வரம்பு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் காரீயம் மிகுதியாக இருப்பது இயல்பு. சன்னலை ஏற்றி இறக்கும்போது சட்டங்கள் உரசி, கீழே மரப்படியில் மாவு போன்ற தூள் படிகிறதா என்று பாருங்கள். தவழும் குழந்தை எழுந்து நிற்கக் கைவைக்கும் இடம் அதுவே. அந்தக் கை அடுத்த நொடி வாய்க்குப் போகிறது.

பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். மேலே புதிய பூச்சை அடித்து மூடிவிடுவதே மேல். உரிந்துகொண்டிருந்தால், சுரண்டும் வேலையை நனைத்தே செய்யுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணியையும் அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களை ஒட்டுங்கள். தண்ணீர் தெளிப்பானால் பூச்சை ஈரமாக்கி, ஈரம் காயுமுன் கைச்சுரண்டியால் எடுங்கள். மின்சார உராய்வுக் கருவியும், பூச்சைச் சுட்டு உரிக்கும் தீச்சுடரும் அறவே கூடாது. முதலாவது வீடு முழுவதும் தூளைப் பரப்பும், இரண்டாவது காரீயத்தை ஆவியாக்கி நேரே மூச்சில் சேர்க்கும். துணி முகமூடி போதாது, கடைகளில் எஃப்.எஃப்.பி. 2 என்று குறிக்கப்பட்டதை அணியுங்கள். முடிந்ததும் விரிப்பை உள்நோக்கிச் சுருட்டிக் கட்டிவிட்டு, சோப்பு நீருக்கு ஒரு வாளியும் அலச ஒரு வாளியுமாக வைத்து, ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மேலெழுந்து மீண்டும் படியும்.

இதைக் கோயில் திருப்பணிக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. குடமுழுக்குக்கு முன்பு விமானத்துச் சிற்பங்களின் பழைய வண்ணத்தைச் சுரண்ட, சனிக்கிழமை காலையில் இளைஞர்கள் திரள்வது நம் ஊரின் பெருமை. ஆனால் வெறுங்கையோடும் திறந்த மூக்கோடும் உலர்ந்த பூச்சைச் சுரண்டி, அதே கையால் தேநீரும் வடையும் உண்டு, அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கும் பழக்கம் நிற்கவேண்டும். கோயில் நிர்வாகம் முகமூடியும் கையுறையும் வாங்கித் தரட்டும். பூச்சை நனைத்துச் சுரண்டட்டும். கீழே கீரைப் பாத்தி இருந்தால் மூடிவைக்கட்டும். தொண்டர்கள் உடைமாற்றிக் கைகழுவிய பின்னரே உணவு பரிமாறட்டும். அந்த உடைகள் வீட்டில் தனியாகத் துவைக்கப்படட்டும். வாங்கும் புதிய வண்ணம் காரீயமற்றது என்பதற்குக் கடைக்காரரிடம் எழுத்தில் உறுதி கேட்பது திருப்பணிக் குழுவின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து அடுக்களை. பழைய இரும்புக் கடைச் சரக்கை உருக்கி வார்த்த அலுமினியப் பானைகளைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, அவற்றிலிருந்து காரீயம் உணவில் கசிவதைக் கண்டார்கள். புளிக்குழம்பும் தக்காளிச் சாறும் கொதிக்கும்போது அந்தக் கசிவு கூடும், ஏனெனில் புளிப்பு உலோகத்தை அரிக்கும். சாலையோரத்தில் வாங்கிய, முத்திரை ஏதுமில்லாத, கனத்த சாம்பல் நிறப் பானை உங்களிடம் இருந்தால் அதில் புளி சேர்த்து எதையும் சமைக்காதீர்கள், எவர்சில்வருக்கு மாறுங்கள். புரட்டாசி அன்னதானத்துக்கும் கஞ்சி ஊற்றுவதற்கும் பயன்படும் பெரிய பானைகளுக்கும் இது பொருந்தும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாயிருக்க வேண்டும். மலிவானவற்றில் காரீயம் கலந்திருப்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால், குழந்தை உண்ணும் ரசத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. அலுமினியமே மறதி நோயைத் தரும் என்ற பழைய அச்சம் நிறுவப்படவில்லை. இங்கே கவலைக்குரியது அதில் கலந்த காரீயம்.

மஞ்சளையும் கவனியுங்கள். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் வருவதற்காகக் காரீயக் குரோமேட்டைப் பூசியது 2019இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. ஆகவே சந்தையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் மிகப் பிரகாசமான மஞ்சள்தூளை விட்டு, மங்கலானதாயினும் உறையிட்டு முகவரியோடு விற்கப்படுவதை வாங்குங்கள். குழந்தைக்குக் கண்ணில் தீட்டும் மை, குறிப்பாகச் சுர்மா, காரீயச் சல்பைடாகவே இருக்கக்கூடும். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைப்பதானாலும் கடை மை வேண்டாம். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. பாரம்பரிய மருத்துவத்தின் மீது நம்பிக்கை கொண்டவர்களும், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இவற்றைக் கொடுக்காமல் இருப்பதில் எந்த விட்டுக்கொடுத்தலும் செய்யவேண்டாம்.

நம்மவர் வீடுகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வழி தூண்டில் குண்டு. மீன்பிடிப்பில் ஆர்வமுள்ளவர்கள் பழைய காரீயத்தைப் பின்கட்டில், சில வேளைகளில் அடுப்படியிலேயே, உருக்கி அச்சில் வார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் புகை படிந்த சட்டியும், பல்லால் கடித்து இறுக்கும் சிறு குண்டும், அவற்றை உருட்டி விளையாடும் பேரக்குழந்தையும் ஒரே வீட்டில் இருப்பது பேராபத்து. உருக்குவதை நிறுத்திவிட்டு, கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். பழைய கார் மின்கலத்தை வீட்டில் உடைப்பதும் இதே வகைக் குற்றம்.

இவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் வீட்டில் நடந்திருந்தால், குழந்தைக்கு இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். கேட்காமல் அவர்கள் எழுதுவது குறைவு. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் தோலிலுள்ள தூள் கலந்து அளவு கூடுதலாகக் காட்டலாம் என்பதால், அதிகமென்று வந்தால் கையிலுள்ள இரத்தக்குழாயிலிருந்து எடுத்து மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் மூலத்தைத் தேடி அகற்றவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5 என்பதையே எச்சரிக்கை அளவாகக் கொள்கிறார்கள். காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து பொதுவாக 45 மைக்ரோகிராம் அளவிலிருந்துதான் தேவைப்படும். முடியைச் சோதித்து, உடல் நச்சுநீக்கம் என்று விற்கும் பானங்களுக்கும் ஊசிகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். காரீய நஞ்சேற்றம் தென்னாப்பிரிக்காவில் அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய நோய் என்பதையும் மருத்துவருக்கு நினைவூட்டலாம். உணவில் இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தை காரீயத்தை அதிகம் உறிஞ்சும்; முருங்கைக்கீரை, பருப்பு, பீன்ஸ் கறி, பால், மத்தி மீன் ஆகியவற்றோடு எலுமிச்சையும் கொய்யாவும் சேரட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இடைவெளி விட்டுக் குடியுங்கள்.

பூச்சிமருந்தும் எலிமருந்தும்

2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபாஸ் என்னும் வேளாண் நஞ்சே காரணம் என்று அரசு அறிவித்தது. பண்ணைக்கென்று உள்ள இத்தகைய நஞ்சுகள் பெயரில்லாத பொட்டலங்களில் தெருவில் எலிமருந்தாக விற்கப்படுகின்றன. இவை நரம்புக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. அதனால் நரம்புகள் ஓயாது தூண்டப்பட்டு, வாயில் எச்சில் வழிதல், வியர்வை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு, வலிப்பு, மூச்சடைப்பு என்று சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிறது. இதே இனத்தைச் சேர்ந்த குளோர்பைரிஃபாஸ் கருவில் இருந்தபோதே தாக்கிய குழந்தைகளின் மூளை அமைப்பிலும் நினைவாற்றலிலும் மாறுதல்கள் இருப்பதை நியூயார்க்கில் நடந்த தொடராய்வு கண்டது.

ஆகவே பெயர்ச்சீட்டும் பதிவெண்ணும் இல்லாத எந்தப் பூச்சிமருந்தையும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். எலிக்குப் பொறி போதும். கரப்பானுக்கு, உணவை மூடிவைத்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, பிளவுகளை அடைத்தபின் மிஞ்சுவதற்குக் களிம்பு வடிவ இரையை அலமாரிக்குப் பின்னால் வையுங்கள். படுக்கையறையிலும் குழந்தை தவழும் தரையிலும் தெளிப்பான் அடிப்பதைவிட அது பன்மடங்கு மேல். டோங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டி வாழ்வோர், மருந்தடிக்கும் நாளில் துணிகளை உள்ளே எடுத்து, காற்று வீசும் பக்கத்துச் சன்னல்களை மூடுங்கள். களைக்கொல்லியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கும் வழக்கம் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகக்கூடும், அதற்கு மாற்று மருந்து இல்லை. மேலும் அதையோ ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்திய அமெரிக்க விவசாயிகளிடம் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டதாக 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது கோர்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து, நஞ்சு ஓடையிலும் கழிமுகத்திலும் கலந்ததை ஃபீனிக்ஸ் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நிகழ்வில், அதிகாரிகள் அனுமதிக்கும்வரை அந்த நீரில் மீன் பிடிப்பதும் குளிப்பதும் கூடாது.

யாரேனும் நஞ்சை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாலோ உப்புநீரோ கொடுக்காதீர்கள். உடலில் பட்டிருந்தால் கையுறை அணிந்து உடையைக் களைந்து சோப்பு நீரால் கழுவுங்கள். தென்னாப்பிரிக்காவின் நஞ்சுத் தகவல் உதவி எண் 0861 555 777. அவசர ஊர்திக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. பொட்டலத்தையோ பாட்டிலையோ மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சரியான மாற்று மருந்தைத் தேர்வதற்கு அதுவே உதவும்.

புகை

2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களுக்கு ஆண்டுச் சராசரி வரம்பாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று நிர்ணயித்தது. தென்னாப்பிரிக்கத் தரநிலையோ 2016 முதல் 20. எனவே அரசின் காற்றுத் தரத் தளம் வரம்புக்குள் இருக்கிறது என்று காட்டும் நாளிலும் முழு நிம்மதி கொள்ள இயலாது. ஆயினும் அந்தத் தளத்தைப் பார்த்து, மோசமான நாளில் முதியோரின் நடையை வேறு நேரத்துக்கு மாற்றலாம். குளிர்காலத்து அதிகாலைகளில் புகை தரையோடு தங்கும். வெயில் ஏறியபின் சன்னலைத் திறப்பது நல்லது. லாரிகள் ஓடும் தெருவை நோக்கிய அறையைக் குழந்தையின் படுக்கையறையாக்காதீர்கள், வேறு அறை இருந்தால். பள்ளி வாசலில் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கத்தைப் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பலாம். மெரிபேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் மாணவரில் பாதிப்பேருக்கு ஆஸ்துமா இருப்பது வெளிப்பட்டது. நுரையீரலைத் தொட்ட அதே காற்றுதான் மூளைக்கும் போகிறது.

வீட்டிலும் கோயிலிலும் நாமே உண்டாக்கும் புகையைக் குறைப்பது எளிது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் மூடிய பூசையறையில் எரிவதற்குப் பதிலாகச் சன்னல் திறந்த இடத்தில் எரியட்டும். அன்னதான அடுப்புக்கு விறகு சேர்க்கும்போது, பழைய வேலிக் கம்பங்களை எடுத்துப் பாருங்கள்: வெட்டுமுகத்தில் ஓரமெல்லாம் வெளிர்பச்சையாக இருந்தால், கரையான் அரிக்காதிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றப்பட்ட மரம் அது. அதை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வெளிவரும். சமையலுக்கோ பிராய் எனப்படும் இறைச்சி வாட்டலுக்கோ அந்த மரம் ஒருபோதும் ஆகாது, அதன் சாம்பலைத் தோட்டத்தில் போடவும் கூடாது. வண்ணம் அடித்த பலகைக்கும் இதே தடை. கற்பூரக் கட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்கண்டு என்று எண்ணி ஒரு துண்டை விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம்.

மின்வெட்டு நேரத்து ஜெனரேட்டரும், குளிருக்காக அறைக்குள் கொண்டுவரும் கரி அடுப்பும் தரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே வெளியேறுங்கள். பிழைத்தவருக்கும் சில வாரங்கள் கழித்து மறதியும் நடைத்தளர்ச்சியும் தோன்றுவதுண்டு என்பதால், தேறிவிட்டார் என்று மருத்துவரின் தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

பாதரசமும் பணியிடமும்

ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைப் பாதரசம் சேர்ந்த மீனை உண்டவர்களுக்கு நேர்ந்த, 1956இல் கண்டறியப்பட்ட கொடுமை உலகறிந்தது. டர்பனுக்கு அருகே கேட்டோ ரிட்ஜில், வெளிநாட்டுப் பாதரசக் கழிவைக் கையாண்ட தொழிலாளர்கள் 1990களின் தொடக்கத்தில் நஞ்சேறி இறந்தது நம் வாசலிலேயே நடந்தது. இன்று பெரும்பாலான வீடுகளுக்குப் பாதரசம் வரும் வழி பெரிய வேட்டை மீன்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் சிறு குழந்தைகளும் சுறா, வாள்மீன், மார்லின், கூட்டா எனப்படும் பெரிய வஞ்சிரம் ஆகியவற்றைத் தவிர்க்கட்டும். இதனால் மீனையே விட்டுவிடுவது பெரும் பிழை. சிசுவின் மூளை வளர மீன் கொழுப்பு தேவை. ஜூன், ஜூலை மாதங்களில் நம் கரையோரம் திரளும் மத்தியும், ஆண்டெல்லாம் டின்னில் கிடைக்கும் மத்தி வகை மீனும் பாதரசம் மிகக் குறைந்தவை, விலையும் தாங்கக்கூடியது. வாரம் இருமுறை தாராளமாக உண்ணலாம். தெருவில் விற்கும், உட்பொருள் எழுதாத, தோலை வெளுக்கவைக்கும் களிம்புகளில் பாதரசம் இருப்பதுண்டு. அவற்றை வாங்கவே வேண்டாம். பழைய வெப்பமானி உடைந்தால், தூசியுறிஞ்சியைத் தொடாமல், சன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் துளிகளைக் கூட்டி, ஒட்டுநாடாவால் மிச்சத்தை எடுத்து, மூடிய புட்டியில் வையுங்கள்.

ஜேக்கப்ஸ், இசிபிங்கோ பட்டறைகளில் வெல்டிங் செய்வோர் மாங்கனீசுப் புகையை உறிஞ்சி இழுக்கும் விசிறியும் தகுந்த முகக்கவசமும் கோருவது சலுகை கேட்பதாகாது. தொழில்சார் நலச் சட்டம் அதைக் கடமையாக்குகிறது. உலோகத்தின் எண்ணெய்ப்பசை நீக்கவும் உலர் சலவைக்கும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் பார்க்கின்சன் நோயின் வாய்ப்பைக் கூட்டுவது, அது குடிநீரில் கலந்திருந்த ஓர் அமெரிக்கப் படைமுகாமின் வீரர்களை வைத்து 2023இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பட்டறையில் உள்ள கேன்களின் பெயர்ச்சீட்டைப் படித்து அந்தப் பெயர் இருந்தால் மாற்றுக் கேளுங்கள்.

நோய் வந்தபின்

வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு மறதியோ நடுக்கமோ தொடங்கினால், அவர் எங்கெங்கு, எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தார், எந்த நஞ்சுகளைக் கையாண்டார், எங்கே குடியிருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் கொடுங்கள். பத்து நிமிட ஆலோசனையில் அவராகக் கேட்டுத் திரட்ட முடியாதது இது. அதே நேரத்தில், எல்லாவற்றையும் மாசின் மேல் போட்டுவிட்டுக் குணமாகக்கூடிய காரணத்தைத் தவறவிடாதீர்கள். சைவ உணவு உண்போருக்கு வைட்டமின் பி 12 குறைபாடும், தைராய்டுக் குறைவும், சில தூக்க மருந்துகளும் மறதி நோயைப் போலவே தோன்றும். இரத்தச் சோதனையிலும் மருந்துப் பட்டியலிலும் அவை வெளிப்பட்டுவிடும். உயர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், கேட்கும் திறன் குறைந்தால் செவிக்கருவி வைப்பதும், மாசு நிறைந்த ஊரில் வாழ்பவருக்கு இன்னும் அவசியம்.

தெருவளவில் செய்யவேண்டியவற்றுக்குச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற சுற்றுச்சூழலில் வாழும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு தருகிறது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் ஹைவெல்டு பகுதியின் காற்று வழக்கில் அந்த உரிமை மீறப்பட்டதாகவே தீர்ப்பளித்தது. தெற்கு டர்பனில் மக்கள் அமைப்பாகத் திரண்டு போராடியதால் சாட்ஸ்வொர்த்தின் புல்புல் டிரைவ் நச்சுக் குப்பைமேடு 2011இல் மூடப்பட்டது. அதில் முன்நின்ற டெஸ்மண்ட் டிசா 2014இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். நாற்றமோ புகையோ எழும்போதெல்லாம் தேதி, மணி, காற்றின் திசை, வீட்டில் யாருக்கு என்ன உபாதை என்பவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். நேரம் பதிவாகும்படி படம் எடுங்கள். மாநகராட்சியின் சுற்றுச்சூழல் நலப் பிரிவில் புகாரிட்டு, அதன் குறிப்பெண்ணைக் கேட்டு வாங்கி அதே நோட்டில் எழுதுங்கள். ஒரு தெருவில் பத்து வீடுகள் தனித்தனி நோட்டு வைத்து, மாதம் ஒருமுறை அவற்றை ஒப்பிட்டால், எந்த நேரத்தில் எந்த ஆலையிலிருந்து புகை வருகிறது என்பது தானே தெரியவரும். அந்த ஆலையின் காற்று உமிழ்வு உரிமத்தையும், அதன் அளவீட்டு அறிக்கைகளையும் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் எழுத்து மூலம் கேளுங்கள். அதற்கான படிவத்தை நிரப்பத் தயங்கும் மூத்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் தேர்ந்த பேரப்பிள்ளைகள் உதவலாம்.